பழைய டிவிடியைப் பார்க்க பிளேயர் வாங்குவதா, கணினி டிரைவ் வாங்குவதா?

புதுடெல்லி: இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த திருமணத்தின் காணொலி வீட்டு அலமாரியில் ஒரு தட்டில் இருக்கிறது. ஆனால், அதைப் போட்டுப் பார்க்க வழி இல்லை. பழைய டிவிடி பிளேயர் பழுதாகிப் பரணுக்குப் போய்விட்டது. புதிய மடிக்கணினியில் தட்டைச் செருகும் இடமே கிடையாது. சுவரில் மாட்டியிருக்கும் தொலைக்காட்சியிலும் இல்லை. நாட்டின் பல லட்சம் வீடுகளில் இன்று இதுதான் நிலைமை.

திருமணம், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, மறைந்த பெரியவர்களின் குரலும் முகமும் பதிந்த காணொலிகள், ஸ்கேன் பரிசோதனைப் பதிவுகள் எனத் தட்டுகளில் மட்டுமே எஞ்சியிருப்பவை ஏராளம். இவற்றைத் திரும்பப் பார்க்க விரும்புவோர் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தொலைக்காட்சியுடன் இணைக்கும் தனி டிவிடி பிளேயர். மற்றொன்று, கணினியுடன் இணைக்கும் டிவிடி டிரைவ். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருந்தாலும், செய்யும் வேலை வேறு. பிளேயர், தட்டில் உள்ளதைக் காட்டும். டிரைவ், காட்டுவதுடன் அதை நகலெடுத்துக் காப்பாற்றவும் உதவும். எதை வாங்குவது என்ற முடிவை இந்த வேறுபாட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

தட்டுகள் வந்த கதை, போன கதை

ஒலிக்கான குறுந்தகடு 1982-ம் ஆண்டு ஜப்பானில் முதலில் விற்பனைக்கு வந்தது. காணொலியைக் குறுந்தகட்டில் பதியும் விசிடி முறை 1993-ல் உருவானது. 1996-ம் ஆண்டு இறுதியில் ஜப்பானில் டிவிடி அறிமுகமானது. அதன்பின் 2006-ல் புளூ-ரே தட்டுகள் வந்தன.

இந்தியாவில் விசிடியும் டிவிடியும் அடைந்த பரவலுக்கு விலை முக்கியக் காரணம். நொய்டா பகுதியில் ஆலைகளை நடத்தி, உலக அளவில் பெரிய ஒளித்தட்டுத் தயாரிப்பாளர்களில் ஒன்றாக விளங்கிய மோசர் பேர் நிறுவனம், 2007-ம் ஆண்டு வாக்கில் திரைப்பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. அதே காலகட்டத்தில் திருமண ஒளிப்பதிவாளர்களும் நாடா கேசட்டுகளைக் கைவிட்டு, பதிவுகளைத் தட்டுகளில் தரத் தொடங்கினர்.

பின்னர் பென் டிரைவ், கைப்பேசி, இணையவழித் திரைப்படங்கள் ஆகியவை தட்டுகளின் இடத்தைப் பிடித்தன. மோசர் பேர் நிறுவனத்தைக் கலைத்துக் கணக்கு முடிக்க 2018-ல் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. தபால் வழியாக டிவிடி அனுப்பும் சேவையை அமெரிக்காவின் நெட்பிளிக்ஸ் நிறுவனம் 2023 செப்டம்பரில் நிறுத்தியது. பதிவு செய்யத்தக்க புளூ-ரே தட்டுகளின் தயாரிப்பை ஜப்பானின் சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியுடன் முடித்துக்கொண்டது. தட்டுகளைப் படிக்கும் கருவிகள் இன்றும் கிடைக்கின்றன. ஆனால் தயாரிப்போரும் மாடல்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருவதால், இந்த முடிவை நெடுநாள் தள்ளிப்போடுவது நல்லதல்ல.

ஒளி ஒன்று, நோக்கம் வேறு

பிளேயர், டிரைவ் இரண்டுமே தட்டின் மேல் லேசர் ஒளியைப் பாய்ச்சி, அது திரும்பி வரும் விதத்தைக் கொண்டு தகவலைப் படிக்கின்றன. குறுந்தகட்டுக்கு 780 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு ஒளி, டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி, புளூ-ரேக்கு 405 நானோமீட்டர் நீல ஊதா ஒளி பயன்படுகிறது. அலைநீளம் குறையக் குறைய, தகவலை நெருக்கமாகப் பதிய முடிகிறது. ஒரே 12 சென்டிமீட்டர் தட்டில் குறுந்தகடு சுமார் 700 மெகாபைட்டும், ஓரடுக்கு டிவிடி 4.7 ஜிகாபைட்டும், ஓரடுக்கு புளூ-ரே 25 ஜிகாபைட்டும் கொள்வதற்கு இதுவே முக்கியக் காரணம். டிவிடி கருவியில் புளூ-ரே தட்டு ஓடாததற்கும் இதுவே அடிப்படை.

கீறல் விழுந்த இடத்தை எதிர்கொள்ளும்போதுதான் இரண்டு கருவிகளின் குணமும் பிரிகிறது. எல்லாத் தட்டுகளிலும் பிழை திருத்தத்துக்கான கூடுதல் தகவல் சேர்த்தே பதியப்பட்டிருக்கும். சிறு கீறல்களை அதைக் கொண்டே கருவிகள் சரிசெய்துவிடும். அதையும் மீறிய சேதம் வரும்போது, பெரும்பாலான பிளேயர்கள் நிற்காமல் தொடர்ந்து ஓட முயலும். படம் சில நொடிகள் கட்டம் கட்டமாகச் சிதறும், அல்லது சற்றுத் தாண்டிப் போகும். பார்ப்பவருக்கு இது போதுமானது.

கணினி டிரைவிடம் ஒரு கோப்பை நகலெடுக்கச் சொன்னால், ஒவ்வொரு பைட்டும் சரியாக வர வேண்டும் என்று அது முயலும். படிக்க முடியாத இடத்தில் வேகத்தைக் குறைத்து, மீண்டும் மீண்டும் அதே இடத்தைப் படிக்கும். இறுதியில் பிழை என்று அறிவித்து நகலெடுப்பதையே நிறுத்திவிடக்கூடும். பிளேயரில் ஓடும் தட்டு கணினியில் நின்றுபோகிறதே என்று பலர் வியப்பதற்கு இதுவே காரணம். டிரைவ் மோசமானது என்று இதற்குப் பொருள் இல்லை. அதனிடம் கேட்கப்படும் வேலை கடினமானது.

தனி பிளேயர்: எளிமையே பலம்

தட்டைச் செருகி ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்பதே பிளேயரின் பெரிய நன்மை. கணினியில் பழக்கம் இல்லாத பெரியவர்களும் யார் துணையும் இன்றி இயக்கலாம். மென்பொருள் தேவையில்லை, புதுப்பித்தல் தேவையில்லை, இணையமும் தேவையில்லை. பெரும்பாலான டிவிடி பிளேயர்கள் விசிடி, ஒலிக் குறுந்தகடு, எம்பி3 பாடல் தட்டு ஆகியவற்றையும் இயக்கும். பலவற்றில் பென் டிரைவ் செருகும் வசதியும் உண்டு.

வாங்குமுன் தொலைக்காட்சியின் பின்புறத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம். பழைய பிளேயர்கள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஆகிய மூன்று முனைகள் கொண்ட ஏ.வி. வயர் வழியே இணைபவை. புதிய தொலைக்காட்சிகள் சிலவற்றில் அந்தத் துளைகள் இல்லை, அல்லது சிறிய ஒற்றைத் துளையும் அதற்கான தனி இணைப்பு வயரும் தரப்படுகின்றன. எச்.டி.எம்.ஐ. இணைப்பு உள்ள பிளேயர் இந்தச் சிக்கலைத் தவிர்க்கும், படமும் கூடுதல் தெளிவாக வரும்.

ஆனால் தெளிவுக்கு ஒரு வரம்பு உண்டு. இந்தியாவில் பயன்படும் பால் முறையில் விசிடியின் படம் 352-க்கு 288 புள்ளிகள், டிவிடியின் படம் 720-க்கு 576 புள்ளிகள். இன்றைய முழு எச்.டி. திரையில் 1920-க்கு 1080 புள்ளிகள் உள்ளன. அதாவது, விசிடி படத்தில் இருப்பதைப் போல் சுமார் 20 மடங்கு புள்ளிகளைத் திரை நிரப்பியாக வேண்டும். பெரிய திரையில் பழைய காணொலி மங்கலாகத் தெரிவது இதனால்தான். பிளேயரோ டிரைவோ, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், பதியப்படாத விவரத்தைப் புதிதாகக் கொண்டுவர இயலாது.

வெளிநாட்டிலிருந்து வந்த தட்டுகள் என்றால் வட்டாரக் குறியீட்டையும் கவனிக்க வேண்டும். திரைப்பட டிவிடிகளுக்கு உலகம் பல வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அதில் இந்தியா 5-வது வட்டாரம். அமெரிக்காவுக்கான 1-வது வட்டாரத் தட்டு, 5-வது வட்டார பிளேயரில் ஓடாமல் போகலாம். குறியீடு இன்றி எல்லா வட்டாரங்களுக்குமாக வெளியிடப்படும் தட்டுகளுக்கும், ஒளிப்பதிவாளர் எழுதித் தந்த குடும்பத் தட்டுகளுக்கும் இந்தத் தடை இல்லை.

பிளேயரின் உண்மையான குறை ஒன்றே ஒன்று. அது எதையும் சேமிப்பதில்லை. தட்டு கெட்டுப்போகும் நாளில், பிளேயர் புத்தம் புதிதாக இருந்தாலும் பயன் இல்லை. மேலும், ஸ்கேன் பதிவுகள், புகைப்படத் தொகுப்புகள், அலுவலகக் கோப்புகள் போன்ற கணினிக்கான தட்டுகளைப் பெரும்பாலும் அதனால் கையாள முடியாது. எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் மையங்கள் தரும் தட்டுகளில் படங்கள் டைகாம் என்ற மருத்துவக் கோப்பு வடிவில் இருக்கும். அவற்றைத் திறக்கக் கணினியும் டிரைவும் வேண்டும்.

கணினி டிரைவ்: காப்பாற்றும் கருவி

யூ.எஸ்.பி. வழியே இணைக்கும் மெல்லிய டிவிடி டிரைவ், விலையில் சாதாரண பிளேயருடன் ஒப்பிடத்தக்கதே. குறுந்தகடு, டிவிடி இரண்டையும் படிக்கும். பெரும்பாலானவை புதிய தட்டில் எழுதவும் செய்யும். தட்டில் உள்ளதை ஹார்டு டிஸ்கில் சேமித்துவிட்டால், பிறகு எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுத்து, உறவினர்களுக்கு அனுப்பலாம்.

வேகத்திலும் இதற்கே ஆதாயம். நிரம்பிய 4.7 ஜிகாபைட் டிவிடியை அடிப்படை வேகத்தில் படிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். மெல்லிய டிரைவ்கள் அதிகபட்சம் 8 மடங்கு வேகம் வரை செல்பவை. கீறல் இல்லாத தட்டு என்றால் 10 முதல் 20 நிமிடங்களில் நகல் முடிந்துவிடும். 1 டெராபைட் ஹார்டு டிஸ்க் ஒன்றில், நிரம்பிய ஓரடுக்கு டிவிடிகள் சுமார் 200 அடங்கும். ஓர் அலமாரித் தட்டுகள் உள்ளங்கை அளவு பெட்டிக்குள் வந்துவிடுகின்றன.

குறைகளும் உண்டு. விண்டோஸ் 7 பதிப்பின் பெரும்பாலான வகைகளில் இருந்த டிவிடி இயக்கும் வசதி, 2012-ல் வெளியான விண்டோஸ் 8 முதல் உடன் தரப்படுவதில்லை. எனவே டிரைவ் வாங்கியதும் தட்டு ஓடாவிட்டால் கருவி பழுது என்று முடிவு செய்துவிடக் கூடாது. வி.எல்.சி. போன்ற இலவச மென்பொருளை நிறுவினால் விசிடி, டிவிடி இரண்டும் ஓடும்.

அடுத்தது மின்சாரம். யூ.எஸ்.பி. 2.0 முனை வழக்கமாக 500 மில்லி ஆம்பியரும், யூ.எஸ்.பி. 3.0 முனை 900 மில்லி ஆம்பியரும் தரும். தட்டு சுழலத் தொடங்கும் வேளையில் டிரைவுக்குக் கூடுதல் மின்சாரம் தேவைப்படும். அது கிடைக்காதபோது டிரைவ் கட்டையாக ஒலித்து நின்றுவிடும், அல்லது இணைப்பு விட்டு விட்டு வரும். மின்சாரம் சொந்தமாகப் பெறாத யூ.எஸ்.பி. பிரிப்பான்களைத் தவிர்த்து, கணினியிலேயே நேரடியாகச் செருகுவது நல்லது. மேசைக் கணினி வைத்திருப்போர் அதன் உள்ளே பொருத்தும் டிரைவை வாங்கினால் இந்தச் சிக்கலே எழாது.

பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. யூ.எஸ்.பி. டிரைவை நேராகத் தொலைக்காட்சியில் செருகினால் படம் ஓடும் என்று எண்ணி வாங்குகின்றனர். தொலைக்காட்சியின் யூ.எஸ்.பி. துளை பொதுவாகப் பென் டிரைவ், ஹார்டு டிஸ்க் ஆகியவற்றை மட்டுமே அறியும். தட்டு டிரைவை அது கண்டுகொள்வதில்லை. கணினி இல்லாத வீட்டுக்கு இந்த டிரைவ் தனியாகப் பயன்படாது.

வட்டாரக் கட்டுப்பாடு டிரைவிலும் உண்டு. திரைப்பட டிவிடிகளுக்காக அதன் வட்டாரக் குறியீட்டைப் பயனர் 5 முறை மட்டுமே மாற்றலாம். அதன்பின் கடைசியாகத் தேர்ந்தெடுத்த வட்டாரமே நிலைத்துவிடும். வெளிநாட்டுத் தட்டு ஒன்றைப் போட்டதும் குறியீட்டை மாற்றவா என்று கணினி கேட்டால், யோசிக்காமல் சம்மதிக்கக் கூடாது.

புளூ-ரே வைத்திருப்போருக்கு

புளூ-ரே தட்டுகளைப் பொறுத்தவரை தனி பிளேயரே எளிய வழி. கணினியில் அவற்றை இயக்க புளூ-ரே டிரைவுடன், உரிமம் பெற்ற கட்டண மென்பொருளும் வேண்டும். 4கே புளூ-ரே தட்டுகளுக்குக் கணினியில் இன்னும் கடுமையான நிபந்தனைகள் உள்ளன. அதற்கு அதிகாரபூர்வ மென்பொருள் நம்பியிருந்த பாதுகாப்பு அம்சத்தை இன்டெல் நிறுவனம் தனது 11-ம் தலைமுறை கோர் செயலிகளிலிருந்து கைவிட்டுவிட்டது. அதனால் புதிய கணினி வாங்கியவர், பழைய கணினியில் ஓடிய 4கே தட்டைப் பார்க்க முடியாமல் போகும் நிலை ஏற்பட்டது. புளூ-ரே திரைப்படங்களை ரசிப்பதே நோக்கம் என்றால் பிளேயரை வாங்குவதே பொருத்தம். அதன் பிளேயர்கள் பொதுவாக டிவிடியையும் இயக்கும்.

எந்தத் தட்டு அவசரம்?

வீட்டில் உள்ள தட்டுகள் எல்லாம் ஒரே வகை அல்ல. கடையில் வாங்கிய திரைப்படத் தட்டுகள் ஆலையில் அச்சாக வார்க்கப்பட்டவை. அவற்றின் தகவல் பிளாஸ்டிக்கில் நுண்ணிய பள்ளங்களாகப் பதிந்திருக்கும். அடிப்பக்கம் பொதுவாக வெள்ளி நிறத்தில் பளபளக்கும். ஒளிப்பதிவாளர்களும் ஸ்கேன் மையங்களும் தருபவை பெரும்பாலும் கணினியில் எழுதப்பட்டவை. அவற்றில் லேசர், ஒரு சாயப் பூச்சின் மேல் தகவலைப் பதிக்கிறது. அடிப்பக்கத்தில் ஊதா, நீலம் அல்லது பச்சைச் சாயல் தெரிவது அந்தப் பூச்சின் நிறமே.

அந்தச் சாயம் வெப்பம், ஈரப்பதம், வெயில் ஆகியவற்றால் காலப்போக்கில் சிதையக்கூடியது. தட்டுகளைப் பேணுவது குறித்து அமெரிக்காவின் தேசியத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2003-ல் வெளியிட்ட வழிகாட்டி, நெடுங்காலப் பாதுகாப்புக்கு 4 முதல் 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் ஏற்றவை என்கிறது. இந்தியக் கோடையில் குளிரூட்டப்படாத பெரும்பாலான அறைகளில் இந்த அளவு சாத்தியமில்லை. கடலோர நகரங்களில் ஈரப்பதமும் சேர்ந்துகொள்கிறது. திரைப்படத் தட்டு கெட்டால் அந்தப் படத்தை வேறு வழியில் பார்த்துக்கொள்ளலாம். திருமணத் தட்டு கெட்டால் மாற்று இல்லை. ஈடு செய்ய முடியாத தட்டுகளே விரைவில் கெடும் வகையிலும் இருக்கின்றன என்பதே இதில் உள்ள சிக்கல்.

கையாளும் முறையும் முக்கியம். குறுந்தகட்டில் தகவல் அடுக்கு பெயர் எழுதும் மேல்பக்கத்துக்கு மிக அருகில் உள்ளது. அந்தப் பக்கம் ஆழமாகக் கீறினால் தகவலே பெயர்ந்துவிடும். டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட இரு தகடுகள் ஒட்டப்பட்டு, தகவல் நடுவில் இருக்கும். உறையிலிருந்து எடுக்கும்போது வளைத்தால் அந்த ஒட்டுக்குச் சேதம். புளூ-ரேயில் தகவல் அடிப்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. அழுக்கைத் துடைக்க மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல், தகவல் ஓடும் பாதையிலேயே நீளமாக அமைந்து, பிழை திருத்தத்தைச் செயலிழக்கச் செய்யும். மேல்பக்கத்தில் காகிதம் ஒட்டுவதும் கூடாது.

நகலெடுப்பது எப்படி?

தட்டைக் கணினியில் திறந்தால், டிவிடியில் வீடியோ டிஎஸ் என்ற கோப்புறை இருக்கும். அதற்குள் 1 ஜிகாபைட் அளவு வரை உள்ள விஓபி கோப்புகளாகக் காணொலி பிரிந்திருக்கும். அந்தக் கோப்புறையை முழுவதுமாக நகலெடுக்க வேண்டும். அல்லது தட்டு முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாகச் சேமிக்கலாம். விசிடியில் எம்பெக்ஏவி என்ற கோப்புறையில் டிஏடி என்று முடியும் கோப்பு இருக்கும். அதை நகலெடுத்தால் வி.எல்.சி.யில் ஓடும்.

நகலெடுப்பது பாதியில் நின்றால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. முதலில் தட்டைச் சுத்தம் செய்து மீண்டும் முயலலாம். அதுவும் பலிக்காவிட்டால் வேறு டிரைவில் போட்டுப் பார்க்கலாம். ஒரு டிரைவ் கைவிட்ட தட்டை இன்னொன்று படித்துவிடுவது அடிக்கடி நிகழ்வதே. படிக்க முடிந்த பகுதிகளை முதலில் சேமித்து, சேதமான இடங்களுக்குப் பின்னர் திரும்பிவரும் டிடிரெஸ்க்யூ போன்ற இலவச மென்பொருள்களும் உள்ளன. கடையில் மெருகேற்றித் தருவதாகச் சொல்லப்படும் முறைகளைக் கடைசி வழியாக மட்டுமே வைத்துக்கொள்வது நல்லது.

கையடக்க ஒளிப்பதிவுக் கருவிகளில் பதிவான 8 சென்டிமீட்டர் சிறிய தட்டுகளுக்குத் தனிக் கவனம் தேவை. பதிவை நிறைவு செய்யும் கட்டளையை அந்தக் கருவியிலேயே கொடுக்காமல் விட்டிருந்தால், வேறு கருவிகளில் அவை வெற்றுத் தட்டாகவே தோன்றக்கூடும். தட்டை உறிஞ்சி இழுக்கும் வகை டிரைவ்களில் சிறிய தட்டுகளைப் போடவே கூடாது. அவை உள்ளே சிக்கிக்கொள்ளும். தட்டை வைத்து மூடும் தாம்பாள வகை டிரைவே இதற்கு ஏற்றது.

நகலை எம்பி4 வடிவத்துக்கு மாற்றினால் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் எளிதாக ஓடும். ஆனால் மாற்றும்போது தரம் சற்றுக் குறையும் என்பதால், தட்டிலிருந்து எடுத்த மூலக் கோப்பையும் வைத்திருக்க வேண்டும். எஃப்ஏடி32 முறையில் அமைந்த பென் டிரைவில் 4 ஜிகாபைட்டைத் தாண்டும் ஒற்றைக் கோப்பு ஏறாது. அப்போது எக்ஸ்எஃப்ஏடி முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றும்போது பென் டிரைவில் முன்பிருந்தவை அழியும் என்பதால், அவற்றை முதலில் வேறிடத்தில் சேமித்துக்கொள்ள வேண்டும். நகல் ஒன்றே ஒன்று போதாது. இரு வேறு ஹார்டு டிஸ்குகளில், இயன்றால் இரு வேறு வீடுகளில் வைப்பது பாதுகாப்பு.

சட்டம் சொல்வது என்ன?

1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 17-வது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் செய்த காணொலிக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், அவரே முதல் உரிமையாளர். எனவே சொந்தத் திருமணக் காணொலியை நகலெடுப்பதில் பொதுவாகத் தடை எழாது. ஆனால் அதன் பின்னணியில் சேர்க்கப்பட்ட திரைப்படப் பாடல்களின் உரிமை வேறு ஒருவருடையது. குடும்பத்துக்குள் பார்ப்பது வேறு, பொதுவெளியில் இணையத்தில் பதிவேற்றுவது வேறு.

கடையில் வாங்கிய திரைப்படத் தட்டுகளில் பெரும்பாலும் நகலெடுப்பைத் தடுக்கும் பூட்டு இருக்கும். உரிமையை மீறும் நோக்கத்துடன் அத்தகைய பூட்டை உடைப்போருக்கு 2 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்க, 2012-ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு வழிசெய்கிறது. திரைப்படத் தட்டுகளைப் பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்துவதே சிக்கல் இல்லாத வழி.

யாருக்கு எது?

வீட்டில் கணினி இல்லை, திரைப்படத் தட்டுகளையும் பழைய பாடல்களையும் அமர்ந்து பார்ப்பதும் கேட்பதுமே நோக்கம் என்றால், எச்.டி.எம்.ஐ. இணைப்புள்ள தனி பிளேயர் போதும். முதியோர் மட்டும் வசிக்கும் வீட்டுக்கும் அதுவே ஏற்றது. புளூ-ரே தொகுப்பு வைத்திருப்போர் புளூ-ரே பிளேயரையே தேர்வு செய்யலாம்.

கணினி இருக்கிறது, தட்டுகளில் குடும்பப் பதிவுகளோ மருத்துவப் பதிவுகளோ இருக்கின்றன என்றால், முதலில் வாங்க வேண்டியது டிரைவ்தான். கணினியில் யூ.எஸ்.பி. சி வகைத் துளை மட்டும் இருந்தால், அதற்குப் பொருந்தும் இணைப்பு உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும். இணையவழியில் வாங்குவோர், தட்டு ஓடாவிட்டால் திருப்பித் தரும் கால அவகாசத்தை அறிந்துகொண்டு, அந்த நாட்களுக்குள் குறுந்தகடு ஒன்று, டிவிடி ஒன்று, எழுதப்பட்ட தட்டு ஒன்று என மூன்றையும் போட்டுச் சோதித்துவிடுவது நல்லது.

கணினி இல்லாத வீட்டிலும் ஈடு செய்ய முடியாத தட்டுகள் இருக்கலாம். அவர்கள் கருவி எதுவும் வாங்காமலேயே, டிரைவ் வைத்திருக்கும் உறவினரிடமோ அருகிலுள்ள ஸ்டுடியோவிலோ தட்டைக் கொடுத்து, கண்முன்னே பென் டிரைவில் ஏற்றிவாங்கலாம். பென் டிரைவைத் தொலைக்காட்சியிலேயே செருகிப் பார்க்க முடியும் என்பதால், பிளேயருக்கான தேவையும் பல வீடுகளில் அத்துடன் தீர்ந்துவிடும். நகல் எடுத்த பின்னும் மூலத் தட்டைத் தூக்கி எறியாமல், உறையில் இட்டு, வெயில் படாத இடத்தில் செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும்.

பிளேயரா, டிரைவா என்ற கேள்விக்கு விடை கருவிகளின் விலைப்பட்டியலில் இல்லை. அலமாரியைத் திறந்து, தட்டுகளை இரண்டாகப் பிரித்தால் விடை தெரிந்துவிடும். மீண்டும் வாங்கக் கூடியவை ஒருபுறம், மீண்டும் கிடைக்காதவை மறுபுறம். இரண்டாவது அடுக்கில் ஒரே ஒரு தட்டு இருந்தாலும், அதை முதலில் நகலெடுத்துவிட வேண்டும். படம் பார்ப்பதற்கான பிளேயரைப் பிறகு நிதானமாக வாங்கிக்கொள்ளலாம்.